இரவில் மாறிய ஒரு வரி: சேர்வரின் நினைவு யாருடைய கையில்?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மே 18 காலை. நான் எழுதிவந்த சிறிய தமிழ்ச் செய்தித்தளம் திறக்க மறுத்தது. முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நாளில் எங்களைப் போன்ற தளங்களுக்கு வரும் வாசகர்கள் மற்றைய நாட்களைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் வவுனியாவிலிருந்து ஒரு நண்பர் அழைத்தார். பிறகு கிளிநொச்சி, அதன் பிறகு மட்டக்களப்பு. விசாரித்துப் பார்த்ததில் எல்லோரும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பைப் பாவிப்பவர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்களுக்குத் தளம் வழமைபோலத் திறந்தது.

எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தடை செய்துவிட்டார்கள். 2007 ஜூன் மாதம் தமிழ்நெற் தளம் இலங்கையில் முடக்கப்பட்டதும் இப்படித்தான்: வெளிநாட்டில் தெரியும், ஊரில் தெரியாது. "எமது தளம் இலங்கையில் முடக்கம்" என்ற செய்தியை நானே எழுதினேன். அதை முகநூலில் பதிவேற்றுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன.

தளத்தின் சேர்வரைத் தொண்டு அடிப்படையில் பராமரித்துவந்த இளைஞர் ஐரோப்பாவில் இருந்தார். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. "பொறுங்கோ அக்கா, நான் ஒருக்கா உள்ளுக்குப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றார். நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு காரணம் கிடைத்தது. அரசாங்கம் எதுவும் செய்திருக்கவில்லை. எங்கள் சேர்வரின் பயர்வோல் கோப்பில் ஒரு வரி. எங்களைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த ஒரு சிறு இணைய முகவரித் தொகுதியை மறிப்பதற்காக யாரோ எழுதிய வரி அது. முகவரியின் முடிவில் 24 என்று எழுத வேண்டிய இடத்தில் 14 என்று எழுதப்பட்டிருந்தது. 24 என்றால் 256 முகவரிகள் மறிக்கப்படும். 14 என்றால் 2,62,144 முகவரிகள். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர் அதற்குள் அகப்பட்டுவிட்டார்கள்.

அந்த வரி முதல்நாள் எழுதப்பட்டதல்ல. எப்போதோ எழுதி, கோப்பில் சேமித்துவிட்டு, மறந்துபோயிருக்கிறார்கள். 18 ஆம் திகதி அதிகாலை ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்காகச் சேர்வர் தானாக மீள இயங்கியபோதுதான் அந்தக் கோப்பு புதிதாக வாசிக்கப்பட்டு வரி உயிர்பெற்றது. யார் எழுதியது? மூன்று பேரிடம் ஒரே ரூட் கடவுச்சொல் இருந்தது. மூவரும் "நான் இல்லை" என்றார்கள். மூவரும் உண்மையாகவே அப்படி நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். இன்றுவரை விடை இல்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தவறைப் பற்றியது அல்ல. யார், எப்போது, எதை மாற்றினார் என்று சொல்ல முடியாத நிலையைப் பற்றியது. எங்களிடம் அந்தப் பதிவு இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடயம் முடிந்திருக்கும். இல்லாததால், அரசின் மீது ஒரு பொய்க் குற்றச்சாட்டை, அதுவும் மே 18 அன்று, பிரசுரிக்கும் விளிம்புக்குப் போனோம். அடுத்த முறை உண்மையாகவே தடை வரும்போது எங்களை யார் நம்பியிருப்பார்கள்?

சிறிய கோப்புகள், பெரிய அதிகாரம்

சேர்வர் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இரவுபகலாக இயங்கும் கணினி. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அமைவுக் கோப்புகள். சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். யாரை உள்ளே விடுவது, யாரை மறிப்பது, எந்தப் பெயருக்கு எந்தத் தளத்தைக் காட்டுவது, எந்தத் தரவை யார் வாசிக்கலாம் என்பதெல்லாம் அவற்றில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் சேர்வர்களில் இவற்றில் பெரும்பாலானவை 'எட்சி' என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. முழுவதும் சேர்ந்து சில மெகாபைட்டுகள் வரும். அவ்வளவு சிறியது. ஆனால் அங்கே ஒரு எழுத்து மாறினால் ஒரு நாடே இருளலாம்.

மிகைப்படுத்தவில்லை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலம் செயலிழந்தன. தாக்குதல் என்று பலர் ஊகித்தார்கள். நிறுவனம் பின்னர் தந்த விளக்கத்தின்படி, வழமையான பராமரிப்பின்போது வழங்கப்பட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. அப்படியான கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியிலேயே ஒரு பிழை இருந்தது.

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இலங்கையில் சமூக ஊடகங்கள் முடங்கியபோது நடந்தது வேறு. அது தவறுதல் அல்ல, உத்தரவு. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு அறிவுறுத்த, நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புகளில் சில வரிகளை மாற்றின. தொழில்நுட்ப ரீதியில் எங்களுடைய 14 க்கும் அந்தத் தடைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டிலும் வாசகருக்குத் தெரிவது வெறுமையான திரை மட்டும்தான். தவறுதலையும் தடையையும் பிரித்துக் காட்டுவது, மாற்றம் எங்கிருந்து வந்தது என்ற பதிவு ஒன்றே.

தானாக எழுதப்படும் பதிவேடு

மென்பொருள் எழுதுபவர்கள் இந்தப் பிரச்சினைக்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டார்கள். 'பதிப்புக் கட்டுப்பாடு' என்று அதைச் சொல்வார்கள். இன்று அதிகம் பாவிக்கப்படுவது 'கிட்'. லினக்ஸின் கருவை எழுதிய லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. ஒரு கோப்பு மாறி, அந்த மாற்றம் பதியப்படும் ஒவ்வொரு தடவையும், எந்த வரி போனது, எந்த வரி வந்தது, யார் பதிந்தார், எந்தத் திகதி, எத்தனை மணி, ஏன் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கிட் சேமித்துக்கொள்ளும். பழைய நிலை எதற்கும் திரும்பிப் போகலாம்.

அதில் எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு பண்புகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு பதிவுக்கும் 40 எழுத்து நீளமான ஓர் அடையாளக் குறி கணிக்கப்படுகிறது. அந்தக் கணிப்பில் முந்தைய பதிவின் குறியும் சேர்க்கப்படுகிறது. ஆகவே ஒரு வருடத்துக்கு முந்தைய வரி ஒன்றை இன்று யாராவது இரகசியமாக மாற்றினால், அதற்குப் பிறகு வந்த எல்லாக் குறிகளும் மாறிவிடும். இரண்டு, பதிவேட்டின் பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். மூலம் ஓரிடம், நகல் ஓரிடம் என்ற பிரிவு இல்லை. 1981 இல் ஒரே கட்டடத்தில் 97,000 நூல்களை எரித்த நெருப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

ஆனால் கிட் தானாக எதையும் செய்யாது. மாற்றியவர் ஞாபகமாகப் பதிய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு விழுந்துபோன சேர்வரை எழுப்பிக்கொண்டிருப்பவர் பதிவேடு எழுத மாட்டார். அதனால்தான் தானியங்கித் தன்மை முக்கியமாகிறது.

ஜோயி ஹெஸ் என்ற டெபியன் நிரலாளர் எழுதிய 'எட்சிகீப்பர்' என்ற சிறிய இலவசக் கருவி இதைச் செய்கிறது. டெபியன், உபுண்டு சேர்வர்களில் ஒரே கட்டளையில் நிறுவலாம். நிறுவியவுடன் எட்சி கோப்புறை முழுவதையும் கிட்டின் கீழ்க் கொண்டுவந்து முதல் பதிவை அதுவே போடும். அதன் பிறகு மென்பொருள் ஒன்றை நிறுவும்போதோ புதுப்பிக்கும்போதோ, அதற்கு முன்னும் பின்னும் தானாகப் பதியும். முன்னால் பதிவதால், மனிதர் கைவைத்த மாற்றமும் புதுப்பிப்பு கொண்டுவந்த மாற்றமும் கலக்காமல் தனித்தனியாக நிற்கும். இவை தவிர, நாளுக்கு ஒரு தடவை, யாரும் பதியாமல் விட்ட மாற்றங்களையும் பிடித்துவைக்கும். கிட் வழமையாகக் கவனிக்காத கோப்பு உரிமைகளை, அதாவது எந்தக் கோப்பை யார் வாசிக்கலாம் என்பதை, இது சேர்த்துப் பதிகிறது.

அன்று எங்களிடம் இது இருந்திருந்தால், 14 என்ற வரி எந்த நாளில் நுழைந்தது என்பது ஒரு கூட்டல் அடையாளத்துடன் திரையில் தெரிந்திருக்கும்.

பதிவேடு எங்கே தோற்கும்

இது மந்திரம் அல்ல. தோற்கும் இடங்கள் உண்டு.

முதலாவது, எல்லோரும் ஒரே கடவுச்சொல்லால் நுழைந்தால் பதிவேட்டில் எல்லா மாற்றத்துக்கும் 'ரூட்' என்ற ஒரே பெயர்தான் வரும். எப்போது, எது என்பது தெரியும். யார் என்பது தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கொடுத்து, அதிலிருந்து 'சூடோ' மூலம் செயற்படச் செய்தால்தான் எட்சிகீப்பர் ஆளின் பெயரைப் பிடிக்கும். நாளாந்தம் தானாக நடக்கும் பதிவில் அதுவும் கிடைக்காது.

இரண்டாவது, நாளுக்கு ஒரு தடவை என்பதே ஒரு இடைவெளி. இரவு பத்து மணிக்குத் திறந்து அதிகாலை மூன்று மணிக்கு மூடப்பட்ட ஒரு கதவு, காலை ஆறு மணிப் பதிவில் தெரியாது. எதுவும் நடக்காதது போலிருக்கும். இதற்கு லினக்ஸின் கண்காணிப்புப் பதிவு போன்ற வேறு கருவிகள் சேர வேண்டும். அல்லது முறையையே தலைகீழாக்க வேண்டும்: சேர்வரில் மாற்றிவிட்டுப் பதிவது அல்ல, பதிவேட்டில் எழுதி இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே சேர்வர் மாறுவது. பெரிய நிறுவனங்கள் அன்சிபிள், பப்பெட் போன்ற கருவிகளால் அப்படித்தான் செய்கின்றன. நேரடியாகச் செய்யப்படும் மாற்றத்தை அடுத்த சுற்றில் கருவி அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. சேர்வரில் முழு அதிகாரம் உள்ளவர் அங்கேயே இருக்கும் பதிவேட்டையும் அழிக்கலாம், புதிதாக எழுதலாம். சங்கிலிக் குறிகள் மாறிப்போகும் என்றேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிரதி வேறெங்காவது இருந்தால்தான் அது தெரியும். ஆகவே ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் வேறொரு கணினிக்கு, வேறொருவரின் பொறுப்புக்குப் போக வேண்டும். அங்கே சேர்க்க முடிய வேண்டும், அழிக்க முடியக்கூடாது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இதை எந்தக் கணினியும் இல்லாமல் அறிந்துவைத்திருக்கிறார்கள். ஆணைக்குழு எதுவானாலும் கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். எதிர்த்தரப்பின் அலுமாரியில் மட்டும் இருக்கும் பதிவு, பதிவே அல்ல என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

அரசின் சேர்வர்களும் எங்கள் தரவுகளும்

2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதியின் மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லை. பாவனையில் இருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் மேம்படுத்தல் தள்ளிப்போனதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அமைவுக் கோப்புகளைப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் அந்த மின்னஞ்சல்கள் திரும்பி வந்திருக்காது. அதற்குத் தேவை காப்புப் பிரதி. இரண்டும் வேறு. ஆனால் அந்தச் சம்பவம் காட்டியது ஒன்றுதான். தலைநகரில், அமைச்சரவையின் சொந்தத் தபால்பெட்டியிலேயே மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட நினைவு இல்லாமற் போகலாம். நடந்தது தாக்குதல் என்பதற்கு அப்பால், அதற்கு வழிவிட்ட தீர்மானங்களை யார் எப்போது எடுத்தார்கள் என்ற கேள்வி பொதுவெளியில் மங்கிப்போகலாம்.

இப்போது அதே அரச இயந்திரம் இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை முன்னெடுக்கிறது. கைவிரல் அடையாளம், முகம், கண்மணி ஆகிய உயிரியல் தரவுகள் ஒரே இடத்தில் சேரப் போகின்றன. இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் சட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதுமா, போதாதா என்று. அது அவசியமான விவாதம். ஆனால் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது நடைமுறையில் எங்கே அமுலாகிறது? ஒரு சேர்வரின் ஒரு கோப்பில், இந்த அலுவலகம் வாசிக்கலாம், அந்த அலுவலகம் வாசிக்க முடியாது என்ற ஒரு வரியில்.

அந்த வரி ஒரு இரவு மட்டும் மாறினால்? புலனாய்வுப் பிரிவு ஒன்றுக்குத் திறக்கப்பட்டு, விடிவதற்குள் மூடப்பட்டால்? நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் எங்களுக்குத் தெரியவருமா என்று கேட்கிறேன். வீடுவீடாக வந்து குடும்பப் படம் எடுத்துப் போன படையினரை, தகப்பன் பெயர், தமையன் பெயர், எந்த முகாமில் இருந்தீர்கள் என்ற கேள்விகளைக் கண்ட சமூகம் இது. தரவு என்ற சொல் எங்களுக்கு வெறும் சொல் அல்ல.

ஆகவே கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். அடையாளத் தரவுத்தளத்தின் அணுகல் விதிகளில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் தானாகப் பதியப்படுகிறதா? ஒருவர் தனியாக மாற்ற முடியுமா, இருவரின் ஒப்புதல் வேண்டுமா? அந்தப் பதிவேட்டின் பிரதி, திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு வெளியே, உதாரணமாகத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடமோ கணக்காய்வாளர் நாயகத்திடமோ இருக்குமா? எஸ்தோனியாவில் ஒரு குடிமகன் தன்னுடைய தரவை எந்த அரச நிறுவனம் பார்த்தது என்பதை அரச இணையவாசலிலேயே பார்க்கலாம். அதே போன்றதொன்று இங்கே, தமிழிலும், கிடைக்குமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. பதிவேட்டில் இருப்பதும் உண்மையில் சேர்வரில் இயங்குவதும் ஒன்றுதானா? 2024 மார்ச் மாத இறுதியில், லினக்ஸ் சேர்வர்களில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இஸட்' என்ற மென்பொருளுக்குள் ஒரு பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. அதை இயக்கிவைக்கும் பகுதி பகிரங்கமான கிட் பதிவேட்டில் இருக்கவில்லை. விநியோகிக்கப்பட்ட பொதியில் மட்டும் இருந்தது. பதிவேட்டை மட்டும் பார்த்தவர்கள் எதையும் காணவில்லை. அந்திரெஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர் தன் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று துருவியதால்தான் அது அகப்பட்டது. ஆகவே பதிவேடு மட்டும் போதாது; ஒப்பிட்டுப் பார்க்கும் சுதந்திரமான கண்களும் வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள்

அரசிடம் கேட்கும் முன் எங்கள் தளங்களில் செய்ய வேண்டியதும் உண்டு. ஆனால் கவனமாக. எழுதியவர் பெயர் பாதுகாப்பைக் கெடுக்கக்கூடிய சூழலில் பதிவேடே காட்டிக்கொடுப்பதாக மாறலாம்.

கிட் ஒவ்வொரு பதிவிலும் பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும் அல்ல, நேர வலயத்தையும் சேர்த்து எழுதுகிறது. நேரத்துக்குப் பக்கத்தில் +0530 என்றிருந்தால் மாற்றியவர் பெரும்பாலும் இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கிறார். +0200 என்றால் வேறு கதை. புனைபெயருக்குப் பின்னால் ஊரில் இருக்கும் ஒருவரை இந்த நான்கு இலக்கம் வெளிப்படுத்திவிடலாம். ஆகவே முன்கூட்டியே தீர்மானியுங்கள்: சேர்வரின் நேரத்தைச் சர்வதேச நேரத்தில் வையுங்கள். பதிவேட்டில் பொறுப்பின் பெயரைப் பாவியுங்கள், ஆளின் பெயரை அல்ல. எந்தப் பொறுப்பு யார் என்பது நம்பிக்கையான ஒருவரிடம், சேர்வருக்கு வெளியே இருக்கட்டும்.

எட்சி கோப்புறைக்குள் கடவுச்சொற்களின் மறைவடிவங்களும் இரகசியத் திறவுகோல்களும் இருக்கின்றன. அதனால் அதை ஒருபோதும் கிட்ஹப் போன்ற இடத்தில் பகிரங்கமாகப் போடக் கூடாது. போட்டுவிட்டுப் பின்னர் அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும். வேறொரு நாட்டில், உங்கள் குழுவில் ஒருவரின் பொறுப்பில் உள்ள தனிக் கணினிக்கு, பாதுகாப்பான இணைப்பு வழியாக அனுப்புங்கள். இன்னொன்று: வேர்ட்பிரஸில் இயங்கும் தளங்களின் முக்கிய அமைவுக் கோப்பு எட்சிக்குள் இருப்பதில்லை. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

எங்கள் குழு அந்த மே மாதத்துக்குப் பிறகு இவற்றைச் செய்தது. முதல் வருடத்திலேயே இரண்டு தடவை தளம் நின்றது. இரண்டு தடவையும் பத்து நிமிடத்துக்குள் காரணம் தெரிந்தது. ஒன்று நாங்களே செய்த பிழை. மற்றையது சேர்வரை வாடகைக்குத் தரும் இடத்தில் வந்த மின்தடை. இரண்டாவது தடவை பதிவேட்டில் எந்த மாற்றமும் இல்லை என்பதே எங்களுக்கு உதவியது. பிழை எங்களுடையதல்ல என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அன்று பிரசுரிக்காமல் விட்ட செய்தி இன்னும் என் கணினியில் இருக்கிறது. ஒருநாள் உண்மையாகவே தடை வரலாம். அப்போது அதே செய்தியை மறுபடி எழுதுவேன். அதற்கு முதல் எங்கள் பதிவேட்டைத் திறந்து, எங்கள் கையால் எதுவும் மாறவில்லை என்பதைப் பார்த்துவிட்டு எழுதுவேன்.